கரண்டு வைத்த பிறகு

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் ஹார்மோன் ஊசியும் சேர்த்துக் கொடுக்கும்போது பக்கவிளைவுகள் இரண்டு வாசல் வழியாக வருகின்றன. கதிர்வீச்சின் விளைவு அது பட்ட இடத்தில், இடுப்புக் கூட்டுக்குள், தங்கிவிடுகிறது: சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய், மலக்குடல். ஹார்மோன் ஊசியின் விளைவு இரத்தம் போகிற இடமெல்லாம் போகிறது: எலும்பு, தசை, சர்க்கரை, தூக்கம், மனநிலை, ஆசை. முன்னது, சிகிச்சை முடிந்து ஓரிரண்டு ஆண்டு கழித்தும் தலைகாட்டக்கூடியது. பின்னது, ஊசி இருக்கும்வரை கூடவே இருந்து, நின்ற பின் மெல்ல விலகுவது. எந்தத் தொல்லை எந்த வாசலில் வந்தது என்று தெரிந்தால், அதற்கு மருந்து தேவையா, பொறுமை போதுமா என்பது தெரிந்துவிடும். தெரியாவிட்டால், எது வந்தாலும் 'நோய் திரும்பிவிட்டது' என்ற ஒரே பயம்தான்.

இங்கே சொல்லப்படுவது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த ஒருவரின் சில ஆண்டு அனுபவம். கம்பெனியிலிருந்து வெறும் சேஸாக ஓடி வரும் வண்டிக்குக் கேபினும் பாடியும் கட்டி, பெயின்ட் அடித்து அனுப்பும் தொழில் அது. நாற்பது ஆண்டு வண்டி மேல் ஏறி இறங்கிய உடம்பு. 2018-ல் அவருக்கு வயது 66. இரவில் மூன்று முறை எழுந்து ஒண்ணுக்குப் போவதை வயதுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தார். சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கப் போன இடத்தில் புராஸ்டேட் சுரக்கும் புரதமான பி.எஸ்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்ததில் 24 என்று வந்தது. நான்குக்குள் இருந்தால் பொதுவாக இயல்பு என்பார்கள். ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் முடிந்தபோது, புற்று சுரப்பியைவிட்டு வெளியே பரவவில்லை, ஆனால் வேகம் கூடிய வகை என்று தெரிந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இந்த நோயின் தொடக்கத்தில் பலருக்கு நோய் தெரிவதே இல்லை, தெரிவது சிகிச்சைதான். நன்றாக இருந்த மனிதரைச் சிகிச்சைதான் நோயாளி ஆக்கியது என்று சொந்தபந்தம் பேசுவதற்கும் அதுவே காரணம்.

இரண்டு சிகிச்சைகளும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. புராஸ்டேட் சுரப்பி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உண்டு வளர்வது. அதில் தோன்றும் புற்றும் அப்படியே. சிகாகோவில் சார்லஸ் ஹகின்ஸ் 1941-ல், விதைகளை நீக்கினால் பரவிய புராஸ்டேட் புற்றும் சுருங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். விதையைத் தூண்டும் மூளை ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த வேலைக்காக ஆண்ட்ரூ ஷாலிக்கும் ரோஜர் கில்லமினுக்கும் 1977-ல் நோபல் கிடைத்தது. அந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட லூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஊசிகள் கத்தியில்லாமல் அதே பலனைத் தருகின்றன. கதிர்வீச்சோடு மூன்று ஆண்டு ஹார்மோன் ஊசியும் சேர்த்தால் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருப்போர் 62 சதவீதத்திலிருந்து 79 சதவீதமாக உயர்கிறார்கள் என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்று 1997-ல் வெளியிட்டது. வேகம் கூடிய வகைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அதன் பிறகு வேரூன்றிய வழக்கம். பட்டறைக்காரருக்கு எழுதப்பட்டது இரண்டு ஆண்டு ஊசி, நடுவில் 20 நாள் கதிர்வீச்சு.

முதலில் வருவது ஊசி. அது போட்ட முதல் இரண்டு வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் ஒரு முறை ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தில் புற்று தூண்டப்படாமல் இருக்க பைகலுட்டமைடு மாத்திரையை ஊசிக்கு முன்னும் பின்னும் சில வாரம் கொடுப்பார்கள். பிறகு டெஸ்டோஸ்டிரோன் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அதன் முதல் அறிகுறி திடீர்ச் சூடு. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஹார்மோன் குறைந்ததும் தடுமாறுகிறது. வெப்பமே இல்லாத நேரத்தில் வெப்பம் என்று நினைத்து இரத்தத்தைத் தோலுக்கு விரட்டி, வியர்வையைத் திறந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வருவதும் இதேதான். ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களில் பெரும்பாலோருக்கு இது வருகிறது.

பட்டறைக்காரருக்கு இது ஆறாவது வாரத்தில் தொடங்கியது. நெஞ்சிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காது மடல் என்று ஏறும், நெற்றி நனையும், இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். போன பிறகு நனைந்த பனியனில் குளிர் நடுக்கும். கார்த்திகை மாதத்தில் இது நடந்தபோது வீட்டில் வேடிக்கையாக இருந்தது. "ஃபேன் போட்டா குளுருதுங்கறீங்க, நிறுத்துனா வேர்க்குதுங்கறீங்க, என்னதானுங் மாமா வேணும் உங்களுக்கு?" என்று மனைவி கேட்பார். சேலம், நாமக்கல் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில் வேடிக்கை போய்விட்டது. வெளிச்சூடு எது, உட்சூடு எது என்று பிரிக்க முடியவில்லை. வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை.

இந்த வட்டாரத்தில் 'உடம்பு சூடு' என்ற சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கிவிடும். நீர்க்கடுப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல், இப்போது இந்தத் திடீர் வியர்வை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்: இளநீர், வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல். இளநீரும் மோரும் போன நீரை ஈடுசெய்யும், அதனால் தெம்பு உண்டு. ஆனால் சூட்டின் மூலம் ஹார்மோன் குறைவு என்பதால் அவை அதை நிறுத்துவதில்லை. சமாளிக்க உதவியவை வேறு. சூடாகக் குடிக்கும் டீயும் காரக் குழம்பும் சூட்டைக் கிளப்புகின்றன என்பதைக் கவனித்து, டீயை ஆறவைத்துக் குடித்தார். பனியனைப் பருத்தியாக மாற்றினார். தலைமாட்டில் ஈரத் துண்டு ஒன்று எப்போதும் கிடந்தது. இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின் குறைந்த அளவிலும், மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன் மாத்திரையும் சூட்டைக் குறைக்கின்றன. கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

ஊசி தொடங்கி மூன்றாம் மாதம் கதிர்வீச்சு. மக்கள் அதைக் 'கரண்டு வைப்பது' என்பார்கள். மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற இயந்திரம் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே கதிரைச் சுரப்பியின் மேல் குவிக்கிறது. முன்பு ஏழு எட்டு வாரம் நீண்ட இந்தச் சிகிச்சை, நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நான்கே வாரத்தில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று 2016-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 37 தவணையில் 74 கிரே கதிரளவு என்பதற்குப் பதில் 20 தவணையில் 60 கிரே. நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ் ஏறிச் சேலம் போய்வர வேண்டிய ஒருவருக்கு அந்த 17 நாள் குறைவு பெரிய விஷயம்.

கதிர்வீச்சுக்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலை மேலே தள்ளி, கதிரின் வழியிலிருந்து விலக்கிவைக்கிறது. அதனால் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, அரை மணி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். "தண்ணி குடிச்சாச்சுங்களா ஐயா?" என்று இயந்திர அறையின் தம்பி தினமும் கேட்பார். முதல் வாரம் இதில் சிரமமில்லை. மூன்றாம் வாரம் கதிர்பட்ட சிறுநீர்ப்பையின் உட்தோல் சிவந்து வீங்குகிறது. அப்போது கால் பை நிறைந்தாலே முட்டுகிறது. அந்த நிலையில் அரை லிட்டரைக் குடித்துவிட்டு, முன்னால் போனவருக்கு நேரமாகிறது என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் மொத்தச் சிகிச்சையிலும் கடினமான பகுதி. மேசையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதில் ஒன்றும் தெரிவதில்லை.

இந்தக் கட்டத்தின் தொல்லைகள் வரிசையாக வருகின்றன. நீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்த பத்தாவது நிமிடம் திரும்பவும் முட்டுதல், தாரை மெலிதல், இரவில் ஐந்து ஆறு முறை எழுதல். குடல் பக்கம், வயிறு இளகுதல், போன பிறகும் மிச்சம் இருப்பது போன்ற தவிப்பு. டாம்சுலோசின் மாத்திரை நீர்த்தாரையை இலகுவாக்கும். வயிறு இளகும் நாட்களில் கீரை, பயறு, கொழுப்பு, காரம் குறைத்து, குழைந்த சோறும் இட்லியும் மோரும் போதும். எரிச்சல் தாங்காமல் தண்ணீரையே குறைப்பவர்கள் உண்டு. அது தவறு, சிறுநீர் கெட்டிப்பட்டால் எரிச்சல்தான் கூடும். கதிரைக் குறிவைக்கத் தோலில் போட்ட அடையாளங்கள் அழியக் கூடாது என்பதால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அந்த நான்கு வாரமும் கிடையாது. அதில்தான் அவருக்கு வருத்தம் அதிகம்.

முட்டும் பையோடு பஸ்ஸில் ஊர் திரும்புவது இன்னொரு பாடு. சேலம் புதிய பஸ் நிலையத்தில் கட்டணக் கழிப்பறை. அடுத்தது ராசிபுரம். நடுவில் மல்லூரில் பஸ் நிற்கும், ஆனால் காத்திருக்காது. முதல் இரண்டு வாரம் பஸ்ஸில் போனவர், மூன்றாம் வாரம் பட்டறை டிரைவர் ஓட்ட, காரில் போனார். வண்டியில் அகல வாய் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருந்தது. கார் இல்லாதவர்களுக்கு மருத்துவமனை அருகே அறை எடுத்துத் தங்குவதே வழி. ஓட்டுநர் தொழில் செய்கிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. ஓரங்கட்டிச் சாலையோரம் ஒதுங்குவது அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் நிறுத்தும்வரை அடக்க முடிவது வேறு, அடக்கவே முடியாதது வேறு.

கதிர்வீச்சு முடிந்து வீடு திரும்பியவரிடம் பேத்தியைக் கொஞ்ச நாள் விடாமல் வைத்திருந்தார்கள். உடம்பில் கரண்டு இருக்கும், குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெளியிலிருந்து செலுத்தும் கதிர், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோலப் போய்விடும். உடலில் எதுவும் தங்காது. உள்ளே கதிரியக்க விதை பதிக்கும் வேறொரு முறைக்குத்தான் அந்த எச்சரிக்கை. மருத்துவர் இதை மகளிடம் நேரில் சொன்ன பிறகு "அப்புச்சி" என்று பேத்தி மடியேறினாள். 'உடலில் எதுவும் தங்காது' என்ற ஒரு வாக்கியத்தைச் சிகிச்சை முடியும் நாளிலேயே வீட்டாருக்குச் சொல்லிவிட்டால் பல வீடுகளில் ஒரு மாதத் தனிமை மிச்சமாகும்.

உடனடித் தொல்லைகள் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அடங்குகின்றன. சோர்வு மட்டும் அதற்கு மேலும் நீளும். பட்டறைக்காரர் இவற்றைக் குறித்துவைத்த இடம், டயர் கடை கொடுத்த மாதக் காலண்டர். பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதும் அதே கட்டங்களில், 'சூ' என்றால் சூடு, 'நீ' என்றால் இரவில் எழுந்த எண்ணிக்கை, 'வ' என்றால் வயிறு. இரண்டு மாதத் தாளை மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்தார். 'நீ' ஆறிலிருந்து இரண்டாக இறங்கியிருந்தது. 'சூ' அசையவே இல்லை. முன்னது கதிரின் வேலை, அடங்குகிறது. பின்னது ஊசியின் வேலை, ஊசி இருக்கும்வரை இருக்கும் என்றார். 'ஒண்ணும் சரியில்லைங்க' என்று மொத்தமாகச் சொல்வதிலிருந்து எந்த மருத்துவரும் எதையும் பிரித்தெடுக்க முடியாது. கட்டம் போட்ட தாளிலிருந்து முடியும்.

கதிர்வீச்சின் இரண்டாம் கட்ட விளைவு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது வருகிறது. கதிர்பட்ட திசுவில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டு, அவற்றுக்குப் பதிலாக மெல்லிய சுவருள்ள புதிய குழாய்கள் முளைக்கின்றன. மலம் கெட்டிப்பட்டுப் போகும்போது அவை உரசி, இரத்தம் கசியும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் இது பொதுவாகத் தெரியவரும். பட்டறைக்காரருக்குப் பதினான்காம் மாதம் கழிப்பறையில் சிவப்புத் தெரிந்தது. அவர் அதை மனைவியிடம் மூன்று வாரம் சொல்லவில்லை. மூலம் என்று ஒருவர் சொல்ல, ஊசி போட்டு ஒரே நாளில் மூலத்தைக் குணப்படுத்துவதாகப் போர்டு மாட்டிய இடத்துக்குப் போகவும் தயாராக இருந்தார்.

அந்த இடத்தில்தான் ஆபத்து. கதிர்பட்ட மலக்குடலின் முன்சுவர் எளிதில் ஆறாது. அங்கே ஊசியோ கத்தியோ, தேவையில்லாத சதைப் பரிசோதனையோகூட ஆறாத புண்ணிலும், குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே ஓட்டையிலும் போய் முடியக்கூடும். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர் யாரிடம் வைத்தியத்துக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது அந்தச் செய்திதான். அதே சமயம், இரத்தம் கண்டால் கதிரின் வேலை என்று விட்டுவிடவும் கூடாது. குடலில் வேறு நோய் இல்லையென்று குழாய்விட்டுப் பார்த்தாக வேண்டும். பட்டறைக்காரருக்குப் பார்த்ததில் கதிர்ப்புண்தான். மலம் இளக மருந்து, சுக்ரல்ஃபேட் எனிமா, பொறுமை ஆகிய மூன்றில் கசிவு குறைந்தது. குறையாதவர்களுக்கு ஆர்கான் வாயுவின் மூலம் அந்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் முறை உண்டு. சிறுநீரில் இரத்தம் வருவதும் இதே கதைதான். கட்டி கட்டியாக வந்தாலோ, நீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி ஊசியின் நீண்ட கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் இல்லாத உடம்பில் தசை கரைந்து கொழுப்பு சேர்கிறது. எடை முள் அசையாமலே தொடை சிறுத்து வயிறு பெருக்கும். சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் ஏறும். நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்புக் கூடும். பட்டறைக்காரருக்கு ஏற்கெனவே இருந்த சர்க்கரைக்கு ஓராண்டில் ஒரு மாத்திரை இரண்டாயிற்று. இரத்த அணுவும் சற்றுக் குறையும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டென்றால் அது உடற்பயிற்சிதான். சோர்வாக இருக்கிறவரை நடக்கச் சொல்வது முரணாகத் தோன்றும். ஆனால் சிகிச்சைச் சோர்வு படுத்தால் போகாது, நடந்தால்தான் குறையும். மலைக்கோட்டை அடிவாரத்தில் கமலாலயக் குளத்துப் பக்கம் விடிகாலையில் அரை மணி நடை. பட்டறையில் பழைய பல்சக்கரம் இரண்டைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குதல். பாரம் தூக்கும் பயிற்சி தசையைக் காக்கும். நடை மட்டும் போதாது.

முட்டைக்குப் பேர்போன ஊரில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். உடம்பு சூடு என்று முட்டையை நிறுத்தச் சொன்ன பக்கத்து வீட்டாரின் யோசனையை அவர் ஏற்கவில்லை. பண்ணைகளுக்குத் தீவனம் போகிற லாரிகளைக் கட்டியவர் முட்டையை விடுவதாவது என்பார்.

எலும்பு சத்தமில்லாமல் தேய்வது. ஊசி தொடங்கிய முதல் ஆண்டிலேயே அடர்த்தி இறங்கத் தொடங்கும். விழுந்து இடுப்பு முறியும்வரை தெரியாது. டெக்ஸா ஸ்கேன் அதை அளக்கும். சேலம், தருமபுரிப் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பல ஆண்டு குடித்தவரின் எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் உறுதி இருக்காது. போர்வெல் தண்ணீரில் வளர்ந்தவர் அதை மருத்துவரிடம் சொல்வது நல்லது. நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வரை கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. களியை விட்டு அரிசிக்கு மாறிய தலைமுறை திரும்ப ராகி வாங்க ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். வைட்டமின் டி மாத்திரையும் தேவைப்பட்டது. இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில் அது குறைவாக இருந்ததை அவரால் நம்ப முடியவில்லை. வெயிலுக்குப் பயந்து தகரக் கூரையின் கீழேயே இருப்பவருக்கு வெயிலின் பலன் கிடையாது.

எலும்பு ரொம்பவும் தேய்ந்தால் சோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள். அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. வெற்றிலை, புகையிலையில் பல் போனவர்கள் நிறைந்த பட்டறைத் தெருவில் இது சின்ன எச்சரிக்கை அல்ல. அவருக்கு மாத்திரையே போதுமானதாக இருந்தது. ஆனால் வண்டி மேல் ஏறுவதை மகன் தடுத்துவிட்டார். கீழே நின்று கைகாட்டிச் சொல்லும் வேலைக்கு அவர் பழக ஒரு வருடம் ஆனது.

பேசப்படாமல் கிடப்பது ஆண்மை பற்றியது. ஊசி ஆசையையே அடியோடு குறைக்கிறது. கதிர்வீச்சு, விறைப்புக்கு வேண்டிய நரம்பையும் இரத்தக் குழாயையும் இரண்டு மூன்று ஆண்டில் மெல்லப் பழுதாக்குகிறது. விதை சிறுத்துப்போகும், மார்பு சற்று உப்பி வலிக்கலாம், ஊசிக்குப் பதில் பைகலுட்டமைடு மாத்திரையே தொடர்ந்து எடுப்பவர்களுக்கு அது கூடுதல். உடம்பில் முடி குறையும். இவை வரும் என்று முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லப்பட்டிருந்தது. அந்த வாக்கியத்தின் நீளம் அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. பட்டறைக்காரர் திண்ணைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். இரவில் எழுந்து எழுந்து போவதால் மனைவிக்குத் தூக்கம் கெடுகிறது என்று காரணம் சொன்னார். தன்மேல் ஏதோ கோபம் என்று மனைவி நான்கு மாதம் நினைத்திருந்தார். ஒரு முறை இருவரும் சேர்ந்து போனபோது, பெண் மருத்துவர் ஒருவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, இருவருக்குமாகப் பத்து நிமிடம் பேசினார். திரும்பி வரும் வழியில் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங் மாமா?" அன்றிரவு கட்டில் திண்ணையிலிருந்து உள்ளே போயிற்று.

விறைப்புக்கு சில்டெனாஃபில் வகை மாத்திரைகள் ஓரளவு உதவும்; ஆசை இல்லாதபோது அவை ஆசையைத் தருவதில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் அவற்றைத் தொடவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல அது. மனநிலையும் ஊசியின் கையில் இருக்கிறது. காரணமில்லாத அழுகை, சிடுசிடுப்பு, பெயர் மறதி, எதிலும் பிடிப்பின்மை. வண்டிக்காரர்களோடு உரக்கப் பேசி விலை படிய வைத்தவர், பேரன் காது குத்தில் கண் கலங்கியதைச் சொந்தங்கள் வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். ஹார்மோன் என்று வீட்டார் எடுத்துக்கொண்டதால் அவர் மேல் யாரும் கோபப்படவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய் இருள் சூழ்ந்தால் அதற்கும் தனியாக மருத்துவம் வேண்டும்.

வெளியே போய்வருவது தனி ஏற்பாடு. இப்பகுதியில் விசேஷம் என்றால் வெள்ளை வேட்டி. முட்டியவுடன் போகாவிட்டால் இரண்டு சொட்டு முந்திக்கொள்ளும் நிலையில் வெள்ளை வேட்டி ஒரு தண்டனை. அவர் அடர்நிறப் பேன்டுக்கு மாறினார். உள்ளே ஈரம் உறிஞ்சும் பட்டை வைத்துக்கொண்டார். கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் மணமேடைக்கு முன் கழிப்பறை எங்கே என்று பார்ப்பது பழக்கமாயிற்று. இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அடக்கும் திறனைக் கூட்டும். ஆர்னால்ட் கெகல் 1948-ல் பெண்களுக்காக எழுதியது அது, ஆண்களுக்கும் பொருந்தும். நீர் போவதை நடுவில் நிறுத்தும்போது எந்தத் தசை இறுகுகிறதோ அதுதான். தசையை அடையாளம் கண்டபின் மற்ற நேரத்தில் பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். முட்டியவுடன் ஓடாமல் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று தள்ளிப் பழகினால் பை திரும்பக் கொள்ளளவு பெறும். வீட்டில் செய்த பெரிய செலவு, வெளியே தோட்டத்தில் இருந்த கழிப்பறைக்குப் பதில் படுக்கையறையை ஒட்டி உட்காரும் கழிப்பறை கட்டியதும், வழியில் இரவு விளக்குப் போட்டதும். எலும்பு தேய்ந்தவர் இரவில் இருட்டில் நடந்து விழுவதுதான் பெரிய ஆபத்து என்பதால் அது நியாயமான செலவே.

ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. சிலவகை ஊசிகளைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஏப்ரல் 2020-ல் ஊசி நாள் வந்தபோது ஊரடங்கு. நாமக்கல்லிலிருந்து சேலம் போக மாவட்ட எல்லை தாண்ட வேண்டும், அதற்கு இ-பாஸ் வேண்டும். பாஸ் வாங்கி, வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் போய், ஒன்பது நாள் தாமதமாக ஊசி போட்டார்கள். சில நாள் தாமதத்தை உடம்பு பொறுக்கும். மாதக்கணக்கில் விட்டால் டெஸ்டோஸ்டிரோன் திரும்ப எழும். ஊசியின் விலையும் அலைச்சலும் தாங்காதவர்களுக்கு விதை நீக்கும் சிறு அறுவை ஒரே நாளில் முடியும் மாற்று. பலன் அதேதான், பக்கவிளைவும் அதேதான். ஆனால் அதை நிறுத்த முடியாது. இரண்டு ஆண்டு மட்டும் வேண்டியவருக்கு அதனால்தான் ஊசி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் பக்கவிளைவின் செலவு பெரும்பாலும் வெளியே இருக்கிறது: வண்டி வாடகை, பட்டை, மாத்திரை, துணைக்கு வருபவரின் வேலை நாள். ஆகஸ்ட் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வழியாகச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஊசியால் சர்க்கரை ஏறியவர்களுக்கு அது ஒரு கை உதவி. 2022-ல் நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது.

தொடர் கண்காணிப்புக்கு ஆதாரம் பி.எஸ்.ஏ. சுரப்பியை வெட்டி எடுத்தவருக்கு அது கிட்டத்தட்டப் பூஜ்யமாக வேண்டும். கதிர்வீச்சு எடுத்தவருக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் பூஜ்யமாக வேண்டியதில்லை. மெல்ல இறங்கி ஓர் அடிமட்டத்தில் நிற்கும். அந்த அடிமட்டத்திலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. இடையில் கொஞ்சம் ஏறி இறங்குவதும், ஊசி நின்று டெஸ்டோஸ்டிரோன் திரும்பும்போது சற்று ஏறுவதும் எதிர்பார்த்ததே. இந்த மூன்று வாக்கியம் தெரியாததால் 0.1 என்பது 0.3 ஆனபோது பட்டறைக்காரரின் வீட்டில் இரண்டு நாள் அடுப்புச் சரியாக எரியவில்லை. இரத்தம் கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும்வரை தூக்கமில்லாமல் இருப்பது இந்த நோயாளிகள் பலருக்கும் பொது. ஒரே ஆய்வகத்தில் எடுப்பதும், முடிவை ஒருவரே போய் வாங்காமல் இருவராகப் போவதும் அதற்கு அவர்கள் கண்ட ஏற்பாடு.

கடைசி ஊசி 2020 ஐப்பசியில். அது நின்ற மறுநாளே எல்லாம் திரும்பிவிடாது. மூன்று மாத ஊசியின் மருந்து தீர வேண்டும். பிறகு விதை விழிக்க வேண்டும். அறுபதைக் கடந்து இரண்டு ஆண்டு ஊசி எடுத்தவருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். சிலருக்குப் பழைய அளவு திரும்புவதே இல்லை. காலண்டரில் 'சூ' மறுவருடம் சித்திரைக்குப் பின் அருகத் தொடங்கியது. ஆவணியில் மாதத்துக்கு நான்கு. தொடையில் சதை பிடித்தது. ஆசை ஓரளவு வந்தது; பழையபடி இல்லை. எழுபதில் பழையபடி இருப்பவர் யார் என்று அதையும் ஒரு கணக்கில் வைத்துக்கொண்டார்.

இன்று மிச்சமிருப்பவை இவை. இரவில் ஒருமுறை, டீ குடித்தால் இரண்டு முறை. மலம் கெட்டிப்பட்டால் எப்போதாவது ஒரு கோடு சிவப்பு. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, எலும்புக்கு ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ. பட்டறையில் வண்டி மேல் ஏறுவதில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் திரும்பிவிட்டது. காலண்டரில் இப்போது பால் கணக்கும் சிலிண்டர் தேதியும்தான்.